பின்னிறக்கையைப் பார்க்காமல் பெயர் சொல்ல வேண்டாம்: பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சிகளைப் பற்றி

பாகூரிலிருந்து கடலூர் வரை சாலையோர வேலிகளில் சீந்தில் கொடியோ கட்டுக்கொடியோ படர்ந்திருப்பதை எளிதாகக் காணலாம். மருந்துக்காகச் சீந்திலைத் தேடி வருபவர்கள் உண்டு. நான் தேடிப் போவது அதன் இலையைத் தின்று வளரும் ஓர் அந்துப்பூச்சிக் கூட்டத்துக்காக. யூடோசிமா என்னும் பேரினத்தைச் சேர்ந்த இவை வெப்பமண்டல நாடுகளில் பரவலாக வாழ்கின்றன. தோட்டக்காரர்கள் பழம் உறிஞ்சும் பூச்சி என்று சொல்வது இவற்றைத்தான். புழுப் பருவத்தில் கொடியின் இலையோடு நின்றுவிடும் இவை, இறக்கை முளைத்த பின் கொய்யா, எலுமிச்சை, மாதுளை, மா என்று பழுத்தவற்றை இரவில் தேடி வந்து, கூர்மையும் முட்களும் கொண்ட உறுதியான உறிஞ்சு குழலால் தோலைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகின்றன. துளை ஊசி முனையளவுதான் இருக்கும். ஆனால் அதன் வழியே பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைவதால் பழம் அழுகி உதிர்கிறது. அதனால் இவற்றைப் பற்றி நம்மிடையே உள்ள எழுத்தில் பெரும்பகுதி எப்படி ஒழிப்பது என்பதாகவே இருக்கிறது. இவற்றின் இறக்கைகளைப் பொறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சுவரிலோ மரப்பட்டையிலோ அமர்ந்திருக்கும்போது நமக்குத் தெரிவது முன்னிறக்கை மட்டுமே. அது பழுப்பும் பச்சையும் ஊதாச் சாயலும் கலந்து, உலர்ந்த இலையின் நரம்பைப் போல ஒரு கோடு ஓட, உள்விளிம்பு குழிந்து இரு முனைகளிலும் பல்லைப் போல நீண்டிருக்கும். இந்த இலை வேடம் எவ்வளவு நுட்பமானது என்பதை அண்மையில் யூடோசிமா அவுரான்டியாவை ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள். தென்கிழக்காசியாவிலும் வட ஆஸ்திரேலியாவிலும் வாழும் அந்த இனத்தின் இறக்கை உண்மையில் தட்டையானது. ஆனால் வளைந்த இலையில் ஒளி பட்டால் எந்த இடம் மினுங்குமோ அந்த இடத்துச் செதில்கள் மட்டும் வழவழப்பாக அமைந்து ஒளியைத் திருப்புவதால், பார்ப்பவர் கண்ணுக்கு அது சுருண்ட இலையாகவே தோன்றுகிறது. வண்ணத்தால் மட்டுமல்லாமல் செதிலின் நுண்ணமைப்பாலும் வரையப்பட்ட வடிவம் அது.

எனினும் முன்னிறக்கையை மட்டும் பார்த்து இனத்தின் பெயரைச் சொல்வது ஆபத்தானது. ஒரே இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அது வேறுபடுகிறது. யூடோசிமா ஃபலோனியாவின் ஆணுக்கு முன்னிறக்கை ஏறக்குறைய ஒரே சீரான பழுப்பாக இருக்க, பெண்ணுக்கு அது பல நிறத் திட்டுகளும் கோடுகளும் நிறைந்ததாக இருக்கும். யூடோசிமா மடேர்னாவில் பச்சை சார்ந்த முன்னிறக்கையில் பெண்ணுக்கு மட்டும் வெண்ணிறக் குறிகள் தெளிவாகத் தெரியும். இந்த ஆணையும் பெண்ணையும் அருகருகே வைத்தால் புதிதாகப் பார்ப்பவர் இரண்டு இனங்கள் என்றே எண்ணுவார்.

பின்னிறக்கை அப்படி ஏமாற்றுவதில்லை. சீண்டப்பட்டதும் முன்னிறக்கையை விலக்கி இப்பூச்சி காட்டும் அந்த ஆரஞ்சு நிறம், தின்ன வந்த பறவையைக் கணநேரம் திகைக்க வைப்பதற்கானது என்று கருதப்படுகிறது. நமக்கோ அதுவே அடையாள அட்டை. மடேர்னாவுக்கு ஆரஞ்சின் நடுவே வட்டமான ஒரு கரும்புள்ளி உண்டு. விளிம்பில் கருப்புப் பட்டையும் அதன் ஓரத்தில் வெண்புள்ளிகளும் இருக்கும். ஃபலோனியாவுக்கு அந்தப் புள்ளியின் இடத்தில் அவரை விதையைப் போல வளைந்த தடித்த கருங்குறி. யூடோசிமா ஹோமேனா என்ற இன்னோர் இனத்துக்கும் வளைந்த குறியே என்பதால், இந்த இரண்டையும் பிரிக்க முன்னிறக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போதும் ஐயம் எஞ்சினால் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பைப் பார்ப்பதே முடிவானது. பச்சை முன்னிறக்கையின் மேல்விளிம்பில் அகலமான வெளிர்மஞ்சள் பட்டை கொண்ட யூடோசிமா சலமினியா என்ற இனத்தை மட்டும் மூடிய இறக்கையிலேயே தயங்காமல் அடையாளம் சொல்லலாம்.

குறிகள் இவ்வளவு எடுப்பாக இருந்ததே வகைப்பாட்டாளர்களை அலைக்கழித்தது என்று நான் நினைக்கிறேன். பில்பெர்க் 1820-இல் யூடோசிமா என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். பின்னர் ஹூப்னர் ஓத்ரெய்ஸ் என்றும், புவாடுவால் 1832-இல் ஆஃபிடெரெஸ் என்றும், மூர் 1881-இல் ஆட்ரிஸ் என்றும் தனித்தனிப் பேரினங்களை வகுத்தார்கள். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஹாம்ப்சன், 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக எழுதிய பிரிட்டிஷ் இந்திய அந்துப்பூச்சி நூல்தான் நம் நாட்டில் பல தலைமுறைக்கு அடிப்படையாக இருந்தது. இன்று இந்தப் பேரினங்கள் எல்லாம் யூடோசிமாவுக்குள் அடங்கிவிட்டன. ஆஃபிடெரெஸ் மட்டும் பேரினமாக மறைந்தாலும், துணைக்குடும்பத்துக்குள் யூடோசிமா அடங்கும் பிரிவின் பெயரில் இன்னும் வாழ்கிறது. பழைய வேளாண் நூல்களில் ஓத்ரெய்ஸ் ஃபுல்லோனியா என்று படித்திருப்பவர்கள், அது இங்கே ஃபலோனியா என்று நான் எழுதும் அதே பூச்சி என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தின் கதை இன்னும் சுவையானது. நீண்ட காலம் இவை நாக்டுயிடே குடும்பத்தில் இருந்தன. அந்தப் பெருங்குடும்பத்துக்குள் பின்னிறக்கையின் ஒரு முக்கிய நரம்பு மூன்று கிளையாகத் தெரிபவை ஒரு பக்கமும், நான்கு கிளையாகத் தெரிபவை மறுபக்கமும் இருப்பதை முன்னோர் கவனித்திருந்தார்கள். யூடோசிமா நான்கு கிளைக் கூட்டத்தைச் சேர்ந்தது. 2006-இல் லாஃபோன்டேனும் ஃபிபிகரும் வெளியிட்ட மறுவரையறை நான்கு கிளைக் கூட்டத்தை விரிந்த நாக்டுயிடேக்குள்ளேயே வைத்தது; 2012 வாக்கில் வந்த மரபணு ஆய்வுகளை அடுத்துத்தான் இவை எரிபிடே குடும்பத்துக்குள் உறுதியாக அமர்ந்தன. தனிக் குடும்பமாக எண்ணப்பட்ட புலி அந்துப்பூச்சிகளும் அதே குடும்பத்துக்குள் வந்து சேர்ந்தன. ஆகவே நம் கடற்கரை மணலில் கிலுகிலுப்பைச் செடியைச் சுற்றிப் பகலில் பறக்கும் சிவப்புப் புள்ளிகள் கொண்ட புலி அந்துப்பூச்சியும், இரவில் கொய்யாவைத் துளைக்கும் இந்தப் பெரிய அந்துப்பூச்சியும் இன்று ஒரே குடும்பத்தவை. வண்ணத்தைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாத உறவை, செதிலுக்கு அடியில் மறைந்த நரம்பு முன்பே காட்டிக்கொண்டிருந்தது.

பின்னிறக்கைக் குறிக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்கக் கண்டத்தில் வாழும் யூடோசிமா ஆப்டாவுக்கும் ஆரஞ்சின் நடுவே கரும்புள்ளி இருப்பதால், அது நெடுங்காலம் மடேர்னா என்றே பதிவு செய்யப்பட்டது. ஆகவே குறி ஒத்திருந்தால் போதாது; பூச்சி எங்கே கிடைத்தது என்பதும் அடையாளத்தின் பகுதியே.

சீந்திலில் புழுவைத் தேடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபலோனியாவின் புழு பச்சை முதல் கரும்பழுப்பு வரை எந்த நிறத்திலும் இருக்கலாம் என்பதால் நிறத்தை நம்ப வேண்டாம். உடலின் முன்பகுதியில் இருபுறமும் இரண்டிரண்டு கண்வடிவக் குறிகள் இருக்கும். தொட்டால் தலையை உள்ளே மடக்கி, வால் பகுதியை உயர்த்தி நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் கொடி தழைக்கும்போது இலைகளின் அடிப்புறத்தையும் தண்டையும் பார்க்கலாம். இலைகளை நூலால் சேர்த்துக் கட்டிய சிறு பொதி தென்பட்டால் உள்ளே கூட்டுப்புழு இருக்கக்கூடும். அதைப் பிரிக்க வேண்டாம்.

படம் எடுப்பவர்கள் மூடிய இறக்கையை ஒரு முறை எடுத்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். பழத்தில் குழலைச் செலுத்தி உறிஞ்சும்போது இப்பூச்சி இறக்கையை அடிக்கடி அசைக்கும். கொய்யாத் தோப்பில் இரவு எட்டு மணிக்கு மேல் மங்கிய விளக்கோடு சற்றுத் தள்ளி நின்றால், பூச்சியைத் தொடாமலேயே பின்னிறக்கையின் குறி படத்தில் விழும். அந்தப் படத்தோடு ஊரின் பெயர், தேதி, எந்தப் பழத்தில் அமர்ந்திருந்தது, அருகில் சீந்தில் இருந்ததா கட்டுக்கொடி இருந்ததா என்பதையும் எழுதி வையுங்கள்.