சொளகில் நடந்த நாலாயிரம் அடி

நேற்றுச் சாயங்காலம் பெரியவள் பெங்களூரிலிருந்து போன் போட்டு, "அப்பா, இந்தக் கொட்டுற மழையிலயும் நடந்திருக்கீங்க, சூப்பர்!" என்றபோது இவர் வாய்க்குள் ஒரு வாழைக்காய் பஜ்ஜி இருந்தது. "ம்" என்றார். ஆடிட்டர் ஆபீசில் இத்தனை வருஷமாகச் சேர்த்த நேர்மை, நாணயம் எல்லாம் அந்த ஒரு "ம்"முக்குள் முங்கிப்போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

நடந்தது இவர் இல்லை, அத்தை. அத்தையும் நடக்கவில்லை. பட்டாசாலையில் காலை நீட்டி உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

எட்டுக் கிலோ குறைக்கணும் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், வீடு ஆடிட் ஆபீஸ் ஆகிவிட்டது. நகைக்கடையில் கொடுத்த டைரி ஒன்று பரணில் சும்மா கிடந்தது. அதை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் வரவு, அதாவது தின்றது. வலது பக்கம் செலவு, அதாவது எரித்தது. வரவை விடச் செலவு கூடினால் சந்தோஷப்படுகிற ஆடிட்டரை மதுரையில் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியாது. மளிகைச் செலவு கூடினால் மட்டும் அந்தச் சந்தோஷம் வருவதில்லை. அது வேறு நோட்டு.

செலவுக்காகத் தேர்ந்தெடுத்த இடம் தெப்பக்குளம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், நாலு சுற்று என்று திட்டம். திருமலை நாயக்கர் மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் இந்தக் குளம் என்றும், தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்றும் நம் ஊரில் சொல்வார்கள். சதுர்த்திக்கு 18 படி அரிசியில் கொழுக்கட்டை வாங்கிக்கொள்ளும் பிள்ளையார். அந்தத் தொப்பை வெளியே வந்த பள்ளத்தைச் சுற்றித்தான் தினமும் விடியக்காலையில் இத்தனை பேர் தொப்பையைக் குறைக்க நடக்கிறார்கள். மண்ணின் ராசியை யோசித்துப் பார்த்தால் வேறு இடம் பார்த்திருக்கலாம்.

ராசியையாவது விடலாம், வடை இருக்கிறதே! நாலாவது சுற்று முடியும் இடத்தில் ஒரு கடை. இவர் நாலாவது சுற்றை அங்கே முடிக்கிறாரா, கடை அங்கே இருப்பதால் சுற்று நாலோடு முடிகிறதா என்பதை அந்த முக்குறுணியார்தான் சொல்ல வேண்டும். கூட நடக்கிற சார்மார்கள் எல்லாரும் அங்கேதான் கூடுகிறார்கள். ஒருவர் சர்க்கரை இல்லாத டீ சொல்வார், சொல்லிவிட்டு இரண்டு வடை எடுப்பார். பேச்செல்லாம் கொலஸ்ட்ரால் பற்றித்தான்.

கணக்கைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். 80 கிலோ ஆள் ஒருவர் மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 280 கலோரி எரியும். அந்தக் கடை வடையின் சைஸுக்கு ஒன்று 150க்குக் குறையாது என்பது என் மதிப்பீடு. மாவு ஒரு கிராமுக்கு 4 கலோரி என்றால் எண்ணெய் ஒரு கிராமுக்கு 9. அந்த வடை இந்த வகையில் தாராளமானது. ரெண்டு வடைக்கு 300, தேங்காய்ச் சட்னி தனி, டீ தனி. ஆக, போர்வைக்குள் கிடந்திருந்தால் நஷ்டமில்லாமல் இருந்திருக்கும். இதைச் சொன்னால், "பேப்பர்ல ஒத்தி எடுத்தேன்ல" என்பார். பேப்பர் குடித்த எண்ணெயைத் தள்ளுபடி என்று டைரியில் தனி வரியாக எழுதியிருக்கிறார். வேண்டுமென்றால் வந்து பாருங்கள்.

பெரியவள் ஒரு நாள் வீடியோவில் டைரியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்பா, 280ஐ முழுசா எழுதக் கூடாது. நீங்க அந்த ஒரு மணி நேரம் சும்மா படுத்திருந்தாலே 80 எரிஞ்சிருக்கும். நடந்ததால கூட எரிஞ்சது 200தான்" என்றாள். இவருக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் காதில் விழுந்தது. "படுத்திருந்தாலே 80 வருமா?" அன்றைக்கு மத்தியானத் தூக்கமும் செலவுப் பக்கத்தில் ஏறியது. எட்டு மணி நேர ராத்திரித் தூக்கத்துக்கு 640 போட்டிருந்ததை நான் அடித்துவிட்டேன்.

ஒரு கிலோ கொழுப்பென்றால் சுமார் 7,700 கலோரியாம். நடந்து மட்டுமே குறைப்பேன், தட்டில் கை வைக்க மாட்டேன் என்றால், நாளுக்கு 200 வீதம் ஒரு கிலோவுக்கு 39 நாள். எட்டுக் கிலோவுக்குப் பத்து மாசத்துக்கு மேல் ஆகும், அதுவும் வடை இல்லாமல். நடுவில் தீபாவளி வரும், பொங்கல் வரும், சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே வீட்டுக்கு வரும். அதனால்தான் அவள் தலையால் அடித்துக்கொண்டாள்: தட்டில் 300 குறைங்க, நடையில் 200 ஏத்துங்க, வாரத்துக்கு அரைக் கிலோ கிட்ட இறங்கும், அவ்வளவுதான் வித்தை. இவர் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

தட்டில் 300 குறைப்பது என்பது அத்தை ஊரில் இல்லாதபோது செய்ய வேண்டிய காரியம். மூணு இட்லி என்று நான் வைத்தால், சட்னி ஊற்றுகிற சாக்கில் நாலாவது வந்து விழும். "கன்னம் ஒட்டிப்போச்சுன்னா என்ன சீக்குன்னு கேப்பாய்ங்க" என்பது அத்தையின் மருத்துவம். இவர் கன்னம் ஒட்டி நான் பார்த்தது கல்யாண ஆல்பத்தில்தான். பெரியவள் சொன்னபடி தட்டை போட்டோ எடுக்கப் போனேன். திங்கிற சோத்தைப் படம் பிடித்தால் கண்ணுபடும் என்று அத்தை குறுக்கே கையை நீட்டிவிட்டார். இப்போது பெங்களூருக்குப் போன படங்களில் பாதி அத்தையின் வளையல்.

இன்னொரு கூத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் போட்ட அட்டவணையை அவள் அனுப்பியிருந்தாள். உட்கார்ந்தே வேலை பார்க்கிற ஆணுக்கு நாளைக்கு 2,110 கலோரி, பெண்ணுக்கு 1,660. நான் உரக்கப் படித்ததும் அத்தை, "இதுக்கு ஆராய்ச்சி வேற பண்ணாய்ங்களா? எங்க காலத்துலயே ஆம்பளைக்குத்தானே ரெண்டு இட்லி கூட வைப்போம்" என்றார். ஆணின் உடம்பு பெரிது, தசை அதிகம், அதனால் எரிவதும் அதிகம் என்று காரணம் போட்டிருந்தது. சரி. ஆனால் அந்த 2,110ஐ மூணு வேளையும் ஆக்கிப் போடுகிறவள் "உட்கார்ந்தே வேலை பார்க்கிறவள்" கணக்கில் வருவாளா என்று எந்த வரியிலும் காணோம்.

அப்புறம் வாட்ச் வந்தது. அப்பா பிறந்தநாளுக்குப் பெரியவள் அனுப்பியது. இவர் கையில் ஆடுவது அங்கே அவள் போனில் தெரியும். வந்த அன்றே அது 412 கலோரி என்று காட்ட, இவர் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அவள் விடுவாளா? 2017ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு வாட்ச்சைக் கட்டிச் சோதித்தார்களாம். நாடித்துடிப்பைப் பெரும்பாலும் ஒழுங்காகச் சொன்னதாம், ஆனால் கலோரியில் இருக்கிறதிலேயே நல்ல வாட்ச்கூட சராசரியாக 27 சதவீதம் தப்பாம். "27 சதவீதம் தப்பிருக்கிற கணக்குல கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்டேன். "அது கிளையன்ட்டைப் பொறுத்தது" என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததிலிருந்து மழை. இவர் ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்துப் பெருமூச்செல்லாம் விட்டார், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வாட்ச் அடிக்கடி அதிர்ந்து எழுந்து நட என்று உசுப்ப, கழற்றி டீப்பாயில் வைத்தார். அத்தை எடுத்துப் பார்த்து, "இது பிரஷர் காட்டுமாடா?" என்றார். "துடிப்பு காட்டும்மா" என்று சொல்லி அத்தையின் கையில் இவரே கட்டிவிட்டார். அதோடு மறந்தும் போனார்.

அத்தை சொளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ரேஷன் கடையோ சூப்பர் மார்க்கெட்டோ, எந்தப் பருப்பும் அத்தையின் சொளகைத் தாண்டாமல் எங்கள் வீட்டு டப்பாவுக்குள் போனதில்லை. பாக்கெட்டில் சுத்தம் செய்தது என்று அச்சடித்திருந்தால் இரண்டு தடவை புடைப்பார். நேற்று உளுந்து, அது முடிந்ததும் பாசிப்பயறு, மழை விடாததால் கேழ்வரகு. கை ஆட ஆட, கால் நடக்கிறது என்று நம்பிவிட்டது வாட்ச். சாயங்காலத்துக்குள் நாலாயிரத்துச் சொச்சம் அடி! பிறகுதான் அந்தப் போனும் அந்த "ம்"மும்.

இன்று காலையில் சாயம் வெளுத்தது. பெரியவள் மறுபடி கூப்பிட்டாள். போனை எடுத்தது அத்தை. "அப்பத்தா, அப்பா கலக்குறாரு போல" என்றதும் அத்தை, "அவன் எங்கத்தா கலக்குனான்? நான் புடைச்சது அம்புட்டும். உங்கப்பன் எனக்குக் கூலி குடுக்கணும்" என்று உடைத்துவிட்டார். இவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர் வீணாகிறதே என்று தினமும் என்னிடம் பாடம் எடுக்கிற மனுஷன்.

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்புறம் அவள், "அப்பத்தா, வாட்ச்சைக் கழட்டாதீங்க. துடிப்பு எத்தனைன்னு போட்டிருக்கு, சொல்லுங்க" என்றாள். அத்தை கண்ணாடியைத் தேடிப் போட்டு, "எழுவத்தாறு" என்றார். ராத்திரி தூக்கம் வருதா, முட்டி வலி எப்படியிருக்கு, மாத்திரை போட்டீங்களா என்று கேள்வி நீண்டது. அத்தை பழையபடி ஊர் நியாயமெல்லாம் பேச ஆரம்பித்து, உரல் இடித்த கதை, கிணற்றில் நீர் இறைத்த கதை, இவர் தாத்தா உழுதுவிட்டு வந்து ஒரே மூச்சில் குடித்த கம்மங்கூழ்க் கதை வரைக்கும் போய்விட்டார். வேலைக்குப் போனதிலிருந்து அவள் என்னிடம் பேசுவதே "சாப்டேன், வைக்கிறேன்" அளவுதான். இன்றைக்கு ஆபீசுக்கு நேரமாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாம்பாருக்குக் கொத்தமல்லி நறுக்குகிற சாக்கில் நானும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

வாட்ச் இப்போது அத்தையின் கையில்தான் இருக்கிறது. குளிக்கக்கூடக் கழற்றவில்லை. இவர் ரெண்டு தடவை வந்து சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட வாங்கிக் குடு, நாளைக்கு நடக்கப் போகணும்ல" என்று என் காதைக் கடித்தார். அத்தைக்குப் பாம்புக் காது.

"தெப்பக்குளத்துக்குப் போக உனக்கு எதுக்குடா கடிகாரம்? சட்டி எப்ப காயும்னு உனக்குத் தெரியாதா?"