லூசியின் சொக்லேட்டும் சீசரின் மாமாவும்

பழைய அமெரிக்க ரிவி நகைச்சுவையில் வன்னிக்காரருக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது லூசியின் சொக்லேட் காட்சி. ‘ஐ லவ் லூசி’ தொடரில் 1952 செப்டெம்பர் 15 அன்று வந்தது. வீட்டு வேலை கஷ்டமா, வெளி வேலை கஷ்டமா என்று புருஷன் பெண்சாதிக்குள் வாக்குவாதம் வந்து, ஒரு கிழமைக்கு வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். லூசியும் சிநேகிதி எத்தலும் சொக்லேட் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். பெல்ற்றில் வரிசையாக வருகிற சொக்லேட்டை எடுத்துத் தாளில் சுற்றவேண்டும், ஒன்று சுற்றாமல் போனாலும் வேலை போய்விடும் என்று சொல்லிவிட்டு மேற்பார்வைக்காரி போய்விடுகிறாள். முதலில் மெல்லத்தான் வருகிறது, இதென்ன பெரிய வேலை என்ற முகத்தோடு இரண்டு பேரும் சுற்றுகிறார்கள், பிறகு வேகம் கூடுகிறது, கை எட்டவில்லை, எட்டாததை வாய்க்குள் போடுகிறார்கள், சட்டைக்குள் போடுகிறார்கள், தொப்பிக்குள் ஒளிக்கிறார்கள். மேற்பார்வைக்காரி திரும்பி வந்து பார்த்தால் பெல்ற்றில் ஒன்றுமே மிச்சமில்லை. நல்லாய்ச் செய்கிறீர்கள் என்று மெச்சிவிட்டு, உள்ளே பார்த்து இன்னும் கொஞ்சம் வேகமாய் விடு என்று கத்துகிறாள்.

என் சித்தியின் மகள் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறாள். விடிய வெள்ளன பஸ் வந்து சந்தியில் ஏற்றிக்கொண்டு போகும், இருட்டத்தான் கொண்டுவந்து விடும். இந்தக் காட்சியை வீட்டில் எல்லோருமாக இருந்து பார்த்தபோது, மற்றவர்கள் வாய்க்குள் சொக்லேட் போன பிறகுதான் சிரித்தார்கள். அவள் அதற்கு முன்னமே, மேற்பார்வைக்காரி சட்டம் சொல்லி முடித்துக் கதவைத் தாண்டும்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். “இனிப் பாருங்கோ அண்ணா, ஸ்பீட்டைக் கூட்டுவினம். ரார்கெட்டை முடிச்சுக் காட்டினால் அடுத்த நாள் ரார்கெட் கூடும். இது எங்கட லைன்தான்” என்றாள். அவளுக்கு அதில் பேசுகிற ஆங்கிலம் பாதிக்கு மேல் விளங்கியிருக்காது.

அதே அத்தியாயத்தில் அதற்கு முந்தின காட்சி ஒன்று இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. லூசி ஒரு தடித்த பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று சொக்லேட்டைத் தோய்த்து எடுக்கப் பழகுகிறாள். அந்தப் பெண் நடிகை அல்ல, உண்மையிலேயே சொக்லேட் தோய்க்கிற தொழிலாளி, அவரைத் தேடிப் பிடித்து நடிக்க வைத்தார்கள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. கை மட்டும் தோய்க்கும், சுழற்றும், வைக்கும், மேலே ஒரு கோடு போடும். லூசி ஈயை அடிக்கப் போய் அவர் முகத்தில் அடிக்க, அவர் திருப்பி விடுகிற அறை நிசமான அறை. இதெல்லாம் எங்கள் அம்மம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவ, “உவதான் வேலை தெரிஞ்சவ” என்றா. பாய் இழைத்த கை, இன்னொரு தொழில் தெரிந்த கையைக் கண்டவுடன் பிடித்துவிட்டது. அப்புறம் வீட்டில் நின்ற ஆம்பிளைகள் அளவு தெரியாமல் அரிசியைப் பானையில் போட்டு, அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தரைக்கு வருகிற இடத்தில் அம்மம்மா சிரித்ததை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. நெல் விளைகிற ஊரில் அதற்கு விளக்கம் தேவையே இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: அந்தக் காலத்து நல்ல காட்சிகள் எல்லாம் யாரோ ஒருவர் ஒரு வேலையை உயிரைக் கொடுத்துச் செய்கிறதைப் பற்றியவை. லூசி சிரிப்புக் காட்டுவதற்காகச் சொக்லேட்டை விழுங்கவில்லை, வேலை போய்விடும் என்ற பயத்தில் விழுங்குகிறாள். அந்தப் பயம் வன்னியில் எல்லோருக்கும் தெரியும்.

விருந்தினராக வந்த நட்சத்திரங்களையும் நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். பெயர் பெற்ற ஒருவர் வந்து கை காட்டி, கைதட்டு வாங்கிக்கொண்டு போனால் அது வெறும் விளம்பரம். எங்கள் பக்கத்திலும் கோயில் திருவிழா நாடகத்துக்கு வெளியூரில் இருந்து பெரிய நடிகரைக் கூப்பிட்டு உள்ளூர்க்காரரோடு மேடையேற்றுகிற வழக்கம் இருந்தது. வந்தவர் எப்படிப் பாடினார் என்பதை விட, உள்ளூர்ப் பபூனுக்கு இடம் விட்டு நடித்தாரா என்பதைத்தான் பெரியவர்கள் இன்னமும் கதைப்பார்கள். 1955 பெப்ரவரியில் லூசியின் தொடருக்கு வந்த சினிமா நட்சத்திரம் வில்லியம் ஹோல்டன் அப்படி இடம் விட்ட ஆள். ஹொலிவூட்டில் ‘பிரவுன் டெர்பி’ உணவகத்தில் லூசி அவரை வெறித்து வெறித்துப் பார்க்கிறாள். மனுஷன் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானும் திரும்பி அவளை அப்படியே வெறிக்கத் தொடங்க, அவளுக்கு வாயில் போன ஸ்பகற்றி இறங்கவில்லை, எத்தல் கத்திரிக்கோலை எடுத்து அதை வெட்டிவிடுகிறாள். போகிற நேரத்தில் அவர்மேலேயே ‘பை’ என்ற பலகாரம் வேறு கொட்டுப்படுகிறது. பிறகு அவர் லூசியின் ஹோட்டல் அறைக்கு வரும்போது தன்னை அடையாளம் தெரியாமல் இருக்க ஒட்டு மூக்கு வைத்துக்கொண்டு நிற்கிறாள் லூசி. சிகரெட்டைப் பற்ற வைக்க ஹோல்டன் நெருப்பை நீட்ட, மூக்கு பற்றிக்கொள்கிறது, அவள் அதைக் கோப்பிக் கோப்பைக்குள் தோய்த்து அணைக்கிறாள். இந்த நேரத்தில் ஹோல்டனின் முகத்தைப் பாருங்கோ. ஒரு மரியாதையான மனிதன், எதிரில் இருக்கிற பெண்ணின் மூக்கு எரிகிறது, என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறார், அவ்வளவுதான். அவர் ஒருமுறை கண்ணடித்திருந்தால் காட்சி கெட்டிருக்கும்.

அதே வருடம் மே மாதம், மார்க்ஸ் சகோதரர்கள் என்ற சினிமா நகைச்சுவைக் குழுவில் ஒருவரான ஹார்போ மார்க்ஸ் வந்தார். அப்போது அவருக்கு 66 வயது. மார்க்ஸ் சகோதரர்கள் 1933 இல் படத்தில் செய்த கண்ணாடி விளையாட்டை இங்கே லூசியோடு திரும்பச் செய்கிறார். லூசி ஹார்போ போல வேடம் போட்டுக்கொண்டு வாசலில் அகப்பட்டு, தான் கண்ணாடியில் தெரிகிற உருவம் என்று நம்பவைக்க அவர் அசைவதை எல்லாம் தானும் அசைக்கவேண்டும். அவர் சந்தேகப்பட்டு மாற்றி மாற்றிச் சோதிப்பார். சொல்லில் எழுதினால் சப்பென்று இருக்கிறது, பார்த்தால்தான் தெரியும். ஹார்போ வாயே திறக்காதவர் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு இதிலிருந்து தொடங்கலாம்.

ரிவி நகைச்சுவை நடிகர் சிட் சீசரிடம் வருகிறேன், எனக்கு எல்லோரிலும் பெரியவர் அவர்தான். அவருடைய ‘யுவர் ஷோ ஒஃப் ஷோஸ்’ 1950 இல் இருந்து 1954 வரை, சனிக்கிழமை இரவில் ஒன்றரை மணித்தியாலம், நேரடி ஒளிபரப்பு. பிழைத்தால் நாடே பார்க்கும். எழுதினவர்களில் மெல் புரூக்ஸ், நீல் சைமன், லூசில் கலன் இருந்தார்கள். கூட நடித்தவர்கள் இமோஜின் கோகா, கார்ல் ரைனர், ஹோவர்ட் மொரிஸ். சீசர் ஜேர்மன் பேசுவார், பிரெஞ்சு பேசுவார், இத்தாலியன் பேசுவார், ஒன்றும் உண்மையான மொழி இல்லை, இடைக்கிடை விழுகிற ஒன்றிரண்டு சொல்லைத் தவிர. தகப்பன் யொங்கர்ஸ் என்ற ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார், பல தேசத்துத் தொழிலாளர்கள் சாப்பிட வருவார்கள். மேசை துடைக்கிற பொடியனாக நின்று அவர்களுடைய பேச்சின் ஏற்ற இறக்கத்தை மட்டும் காதில் வாங்கியிருக்கிறார். அர்த்தம் விளங்காமல் தொனியை மட்டும் கேட்டு வளர்வது எப்படி என்று, சோதனைச்சாவடி வரிசைகளில் சிங்களம் கேட்டு வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெடியன் அதை அச்சாகச் செய்வான், ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் வரிசையில் நில் என்கிறானா, போ என்கிறானா என்று உங்களுக்கு விளங்கும்.

சீசரின் காட்சிகளில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 1954 ஏப்ரல் 3 அன்று வந்த ‘திஸ் இஸ் யுவர் ஸ்டோரி’யைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒரு ஆளைத் திடீரென்று மேடைக்குக் கூப்பிட்டு, அவருடைய சொந்தக்காரரை எல்லாம் கொண்டுவந்து நிறுத்தி அழவைக்கிற நிகழ்ச்சி ஒன்று பிரபலம், அதைப் பகிடி பண்ணியது இது. கார்ல் ரைனர் பார்வையாளர்களுக்குள் இருந்து சீசரைக் கூப்பிடுகிறார், சீசர் ஓடுகிறார், அரங்கம் முழுக்கத் துரத்திப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிறகு கூப்பி மாமா வருகிறார். ஹோவர்ட் மொரிஸ், குள்ளமான ஆள். கட்டிப்பிடித்து அழுகிறார்கள், பிரித்துக் கொண்டுபோய் இருத்தினால் திரும்ப ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார், அடுத்த உறவுக்காரர் வர, மாமாவும் எழும்பி வந்து அதற்கும் அழுகிறார், கடைசியில் சீசரின் காலைக் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார், சீசர் நடக்க மாமாவும் காலோடு இழுபட்டுப் போகிறார்.

இதை எங்கள் வீட்டில் பார்த்தபோது அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. வெளிநாடு போய் எத்தனையோ வருடம் கழித்துத் திரும்பி வந்த சொந்தங்களைக் கூட்டிவரக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான் பிடித்துப் போனவர்களுக்கு இது தெரியும். கட்டிப்பிடித்து அழுது, சாமானை வானில் ஏற்றி, ஒரு தேத்தண்ணிக் கடையில் நிற்பாட்டினால் அங்கேயும் ஒருதரம் கட்டிப்பிடித்து அழுது, வீட்டு வாசலில் திரும்பவும். அழுகை முடிந்துவிட்டது என்று மற்றவர்கள் நினைக்கிற நேரத்தில் முடிந்திருக்காது. மொரிஸ் அதை அப்படியே செய்கிறார், மாமாவைக் கேலி செய்யவில்லை, மாமாவின் பாசம் அவ்வளவு என்று நம்பித்தான் அந்தக் காலைப் பிடிக்கிறார்.

‘ஹனிமூனர்ஸ்’ தொடர் எனக்கு முழுமனதாகப் பிடிக்காது. ஜக்கி கிளீசனும் ஆர்ட் கார்னியும் சேர்ந்து சமையல் கருவி விற்க ரிவி விளம்பரத்தில் நேரடியாக வந்து, கமரா முன்னால் கிளீசன் விறைத்துப்போய் நிற்கிற 1955 அத்தியாயம் அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் மனுசிக்கு அடிப்பேன் என்று கிளீசன் கை ஓங்குகிற அந்த வாடிக்கையான வசனம் வரும்போதெல்லாம் எனக்கு நெருடுகிறது. அவர் ஒருநாளும் அடிப்பதில்லை, அவளும் கையைக் கட்டிக்கொண்டு பயப்படாமல் நிற்கிறாள், சரி, இருந்தாலும் பிள்ளைகளோடு இருந்து பார்க்க மனம் வரவில்லை.

ஜக் பெனி வானொலியில் இருந்து வந்தவர், ஆகப் பெரிய கஞ்சன் என்பது அவருடைய வேடம். “காசா உயிரா” என்று கள்ளன் கேட்க, ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் நிற்பார், திரும்பக் கேட்க, யோசிக்கிறேன் என்பார். இது 1948 இல் வானொலியில் வந்தது, மௌனத்தை வானொலியில் போட ஒரு துணிச்சல் வேண்டும். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். பெட்டி பேசாமல் நின்றால் சுற்றுகிறவனைத்தான் எல்லோரும் ஏசுவார்கள்.

ஏர்னி கோவக்ஸ் இவர்கள் எல்லோரிலும் வேறு மாதிரி. 1957 ஜனவரி 19 அன்று என்பிசி ரிவியில் அரை மணித்தியாலம் ஒரு பேச்சும் இல்லாமல் நிகழ்ச்சி செய்தார். ஒரு மேசை, ஒரு ஆள், சாப்பாட்டுப் பெட்டி. ஒலிவ் காயை எடுத்து வைக்கிறார், அது மேசை நெடுக உருண்டு போகிறது. பாலை ஊற்றினால் கோப்பைக்குள் விழாமல் சரிவாகப் பாய்கிறது. மேசை தட்டையாகத்தான் தெரிகிறது. செய்த வித்தை இதுதான்: அறை முழுவதையும் சரிவாகக் கட்டி, கமராவையும் அதே அளவுக்குச் சரித்து வைத்துவிட்டார்கள். படத்தில் எல்லாம் நேர், பால் மட்டும் உண்மையைச் சொல்கிறது. கோவக்ஸ் 1962 ஜனவரியில் கார் விபத்தில் செத்துப்போனார், வயது 42.

இவற்றில் எது தப்பியது, எது தப்பவில்லை என்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது. லூசி தப்பியதற்குக் காரணம், லூசியாக நடித்த லூசில் பாலும் புருஷன் டெசி ஆர்னாஸும் நேரடி ஒளிபரப்புக்கு ஒத்துக்கொள்ளாமல், பார்வையாளர்களுக்கு முன்னால் மூன்று கமரா வைத்து பிலிமில் எடுத்ததுதான். அதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பிலிமின் உரிமையைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். நேரடி நிகழ்ச்சிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை, ரிவி திரைக்கு முன்னால் பிலிம் கமராவை வைத்துப் படம் பிடித்த மங்கல் பிரதிகள்தான் சீசருக்கு மிச்சம். அவருடைய காட்சிகள் புகார் மூட்டத்துக்குள் தெரிவது அதனால்தான். கோவக்ஸின் நிலை இன்னும் மோசம். வீடியோ ரேப் விலை கூடியது என்று நிறுவனங்கள் பழையதை அழித்து அதன்மேல் வேறு நிகழ்ச்சி பதிந்தன. அவருடைய மனைவி ஈடி அடம்ஸ், தானும் நடிகை, பாடகி, கையில் காசு சேர்த்துச் சேர்த்து அந்த ரேப்புகளை வாங்கிக் காப்பாற்றினார். ஒலிவ் காய் உருள்வதை நாங்கள் இன்றைக்குப் பார்ப்பது அவரால்தான்.

எங்கள் பக்கத்தில் கூத்தும் பள்ளிக்கூட நாடகமும் எடுத்த வீடியோக் கசற்றுகள் எத்தனையோ வீடுகளில் இருந்தன. சிலதின்மேல் அடுத்த கலியாண வீட்டை எடுத்தார்கள். மிச்சம் 2009 இல் இடம்பெயர்ந்து போகும்போது பெட்டியோடு, பங்கரோடு, வீட்டோடு போய்விட்டன. கொண்டுபோகக்கூடிய பாரத்தில் கசற்றுக்கு இடம் இருக்கவில்லை. எங்கள் சித்தப்பா ஒரு பையில் நிலப் பத்திரங்களோடு ஒரு கசற்றையும் சுற்றி வைத்துக் கொண்டுதிரிந்திருக்கிறார். அவர் பொடியனாய் இருக்கும்போது ஊர் மேடையில் போட்ட பகிடி நாடகம், சங்கக்கடை மனேச்சராக அவர்தான் நடித்தவராம். நான் இன்னும் பார்க்கவில்லை, ரேப்பில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஓடுகிற நிலையில் பழைய டெக் வைத்திருப்பவர்கள், பூஞ்சணத்தைத் துடைத்துக் கொம்பியூட்டருக்கு மாற்றத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கோ, நான் கசற்றைக் கொண்டு வருகிறேன்.