மேட்டில் ஆல்டர்நேட்டர், மதியத்தில் வெயில்

ஜூலை 5, 2025 – ஹட்டன்

மழை விட்டபாடில்லை. தென்மேற்குப் பருவக்காற்று இலங்கை மலைநாட்டின் மேற்குச் சரிவில் வந்து மொத்தமாகக் கொட்டுகிற மாதம் இது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா எல்லாமே பகலிலும் மூட்டத்துக்குள்தான் கிடக்கின்றன. கெப் (பிக்கப்) வண்டிக்குப் பின்னால் தங்குவதற்குக் கட்டிய கேபினின் கூரையில் 300 வாட் சோலார் பேனல் ஒன்று இருக்கிறது. காலையில் வயரில் ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன்: 1.8 அம்பியர். மதியம் மூட்டம் கொஞ்சம் வெளுத்தபோது 4. நல்ல வெயிலில் இதே பேனல் 18 வரை தரும்.

கேபினுக்குள் செலவு பெரிதாக ஒன்றுமில்லை. சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ், சில எல்ஈடி விளக்குகள், தண்ணீர் பம்ப், ஃபோன், லெப்டொப். நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து 45 அம்பியர்-மணி போகும் (ஒரு அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு அம்பியர்-மணி). "நுவரெலியாவுக்கு ஃபிரிட்ஜ் தூக்கிட்டுப் போற ஒரே ஆள் நீதான்" என்று தங்கச்சி சிரிக்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு, இந்தக் குளிரில் கொம்பிரசர் அதிகம் ஓடுவதே இல்லை.

பின்பக்கம் இருப்பவை 100 அம்பியர்-மணி ஏஜிஎம் பெட்டரிகள் இரண்டு, சமாந்தரமாக. ஏஜிஎம் என்றாலும் லெட் ஆசிட் (ஈய-அமில) இனம்தான். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும், ஆகவே 200 என்று எழுதியிருந்தாலும் நம்பக்கூடியது 100. மூட்டத்தில் சோலாரிலிருந்து நாளொன்றுக்கு 20 வந்தாலே பெரிய விஷயம். மிச்சம் 25 வண்டி ஓடும்போது ஆல்டர்நேட்டரிலிருந்துதான், அதாவது என்ஜின் சுழற்றும் மின்பிறப்பாக்கியிலிருந்துதான், வர வேண்டும். வருகிறதா என்றால், அங்கேதான் ஏதோ இடிக்கிறது.

ஜூலை 6 – ஹட்டன்

மழையோடு மழையாக டவுனில் இருக்கும் ஆட்டோ இலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். என்ஜினைக் கொஞ்சம் முறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு இரண்டு இடத்தில் மீட்டரை வைத்தார். ஆல்டர்நேட்டரில் 14.2 வோல்ட், பின்பக்க பெட்டரியில் 13.1.

"நடுவுல ஒரு வோல்ட்ட யாரு தம்பி தின்னது?"

தின்றது வயர். கேபின் கட்டியவர் இழுத்துவிட்டது 6 சதுர மில்லிமீட்டர் வயர். முன்னாலிருந்து பின்னால் ஆறு மீட்டர், போக வர பன்னிரண்டு. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.0175 ஓம் தடை. அதை 12ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தால் 0.035 ஓம். 30 அம்பியர் ஓடினால் 1.05 வோல்ட் வழியிலேயே சூடாகிப் போகிறது. மீட்டர் காட்டியதும் ஏறக்குறைய அதுதான். ஏஜிஎம் நிறைய வேண்டுமானால் 14.4 வோல்ட் பக்கம் வேண்டும். 13.1இல் ஓட்டம் முடிவதற்குள் அது நிறையாது. நாள்கணக்கில் அரைகுறையாகக் கிடந்தால் ஈயத் தகட்டில் படியும் சல்பேட் இறுகிப்போய், பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் கரையாது. பெட்டரி பழுது என்று கடைக்காரனைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு வியாதி வயரில்தான் இருக்கிறது என்பது அண்ணனின் கட்சி. நானும் அந்தப் பக்கம்தான்.

25 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் போட்டோம். அதே 30 அம்பியருக்கு இப்போது கால் வோல்ட்தான் இழப்பு. பூமி இணைப்பைச் சேஸிஸில் விடாமல் அதற்கும் தனிக் கேபிள். இரண்டு பக்கப் பெட்டரிகளையும் பிரித்துவைக்க டயோட் வைத்த ஐசொலேட்டர் வேண்டாம் என்றுவிட்டேன், அது தன் பங்குக்கு 0.7 வோல்ட்டைப் பிடுங்கிக்கொள்ளும். வோல்டேஜ் பார்த்துத் தானாக வேலை செய்கிற ரிலே சுவிட்ச் போதும்: 13.3க்கு மேலே போனால் வண்டியை ஸ்டார்ட் பண்ணும் முன் பெட்டரியையும் பின் பெட்டரியையும் சேர்த்துவிடும், 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடும். இரவில் ஃபிரிட்ஜ் முன் பெட்டரியைத் தொட முடியாது, காலையில் வண்டியும் ஸ்டார்ட் ஆகும்.

ஃபியூஸ் இரண்டு முனையிலும். "ஒண்ணு போதாதா?" என்று பக்கத்தில் நின்ற பையன் கேட்டான். கேபிளின் இரண்டு நுனியிலும் பெட்டரி இருக்கிறது. நடுவில் எங்காவது சேஸிஸில் உரசிக் கருகினால் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் இருந்தால், அது போன பிறகும் மற்றப் பக்கம் எரித்துக்கொண்டே இருக்கும். அண்ணன் கேபிளை இறப்பர் குழாய்க்குள் விட்டு, சைலன்சரிலிருந்து தள்ளிக் கட்டினார். கேபிள் நுனியில் மாட்டும் லக்கை அமுக்குவதற்கு மட்டும் நீண்ட நேரம் எடுத்தார். அமுக்கிவிட்டு முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தார். ஒன்று லேசாக அசைந்தது. வெட்டி எறிந்துவிட்டு வேறு போட்டார்.

ஜூலை 9 – நுவரெலியா

தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழி. ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தூரம், மழையில் இரண்டு மணித்தியாலம் பிடித்தது. பெட்டரிக்கு அதுதான் நல்லது. மேட்டில் இரண்டாம் கியர், மூன்றாம் கியரிலேயே ஏறுவதால் என்ஜின் சுற்று குறைவதில்லை, ஆல்டர்நேட்டரும் நன்றாகச் சுழல்கிறது. புறப்படும்போது பின்பக்கம் 38 அம்பியர் போனது. நானுஓயாவில் 24. நுவரெலியாவுக்குள் நுழையும்போது 17.

குறைந்ததைப் பார்த்து ஆல்டர்நேட்டர் களைத்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. வாங்க மறுப்பது பெட்டரி. காலி பஸ்ஸில் ஆட்கள் சட்டென்று ஏறிவிடுவார்கள். நிறைந்த பிறகு கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" (முன்னால் போங்கள்) என்று சிங்களத்தில் எவ்வளவு கத்தினாலும் ஒவ்வொருவராகத்தான் நுழைய முடியும்.

மூட்டம் இன்னொரு வழியிலும் கையைக் கடிக்கிறது. ஹெட்லைட், வைப்பர், கண்ணாடிக்கு அடிக்கிற புளோவர் எல்லாம் சேர்ந்து 20 அம்பியருக்கு மேல் தின்றுவிடுகின்றன. சாலையில் பரவாயில்லை. நிறுத்திவைத்து ஐட்லிங்கில் சார்ஜ் பண்ணலாம் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்தச் சுற்றில் என் 80 அம்பியர் ஆல்டர்நேட்டர் பாதிகூடத் தருவதில்லை, அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறுகிறது, டீசல் வேறு வீண். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பெட்ரோல் செட்டில் வரிசையில் நின்றவன் எவனும் இதைச் செய்ய மாட்டான்.

ஜூலை 10 – நுவரெலியா

விடியற்காலை கேபினுக்குள் 12 பாகை. பேனலிலிருந்து வரும் சார்ஜை அளவாக்கும் கன்ட்ரோலர் சார்ஜ் இலக்கு 14.6 வோல்ட் என்று காட்டுகிறது. கோளாறு இல்லை. 14.4 என்பது 25 பாகைக்கான கணக்கு. குளிரில் பெட்டரிக்குள் இரசாயன வேலை மந்தமாகிறது, பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.018 வோல்ட் கூட்டிக் கொடுக்க வேண்டும். 13 பாகை குறைவுக்கு 0.23. கன்ட்ரோலரோடு வந்த வெப்ப சென்சரைப் பெட்டரியின் உடம்பிலேயே ஒட்டியிருப்பதால் அது தானாகவே பார்த்துக்கொள்கிறது. சுவரில் ஒட்டினால் சுவரின் குளிரைத்தான் சொல்லும்.

ஆல்டர்நேட்டருக்கு இந்த அக்கறை கிடையாது. அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் பின்பக்க பெட்டரி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஜூலை 12 – வெலிமடை

ஹக்கலையைத் தாண்டி இறங்க இறங்க மூட்டம் பின்னாலேயே நின்றுவிட்டது. மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்ட காற்று இந்தப் பக்கம் காய்ந்து, சூடாகி இறங்குகிறது. இதுதான் கச்சான் காற்று. வெலிமடை இருக்கும் ஊவா மாகாணத்துக்கு ஜூலை வறட்சிக் காலம்.

வந்து சேரும்போது பெட்டரி ஏறத்தாழ 85 சதவீதம். முதல் 85ஐ ஆல்டர்நேட்டர் தூக்கிக் கொடுத்துவிட்டது. கடைசி 15க்கு மணிக்கணக்கில் டீசல் எரிக்க முடியுமா? காய்கறித் தோட்டத்து ஓரமாக வண்டியை விட்டுவிட்டுப் பேனலை வேலைசெய்ய விட்டேன். பத்து மணிக்கு 16 அம்பியர், நண்பகலில் 14.4 வோல்ட்டைத் தொட்டதும் 9, இரண்டரைக்கு 4, மூன்றரைக்கு 2. 200க்கு 2, நூற்றில் ஒன்று. இந்த வகைப் பெட்டரி நிறைந்தது என்று நம்ப எனக்கு இந்த எண்தான் வேண்டும். கன்ட்ரோலரில் எரியும் பச்சை விளக்கை நம்புவதில்லை.

ஆகவே வரிசை இப்படி: காலையில் ஓட்டம், மதியம் வெயிலில் நிறுத்தம். மாற்றிச் செய்தால் இரண்டும் அரைகுறை.

ஜூலை 13 – வெலிமடை

யூக்கலிப்டஸ் கிளை ஒன்றின் நிழல், கை அகலம் இருக்கும், பேனலின் ஒரு மூலையில் விழுந்தது. 15 இருந்தது 10க்கு இறங்கிவிட்டது. செல்கள் தொடராக இருப்பதால் ஒன்று மறைந்தாலே பேனலில் மூன்றில் ஒரு பகுதி கழன்றுவிடும். வண்டியை ஒரு முழம் முன்னால் எடுத்தேன், சரியாகிவிட்டது.

ஜூலை 16 – ஹப்புத்தளை

என்ஜின் ஓடாமலே முன் பெட்டரி 13.6 காட்டியது. பேனல் பின்பக்கத்தை 13.3க்கு மேலே தூக்கியதும் ரிலே இரண்டையும் சேர்த்துவிட்டது, மிச்ச வெயில் முன்னாலும் போகிறது. இது கேட்காமல் கிடைத்த லாபம்.

பக்கத்தில் வேன் நிறுத்தியிருந்த ஒரு கொழும்புக்காரர் லித்தியம் போடலாமே என்றார். லித்தியம் கடைசிவரை முழு வேகத்தில் இழுக்கும், என் ஆல்டர்நேட்டரை நேரே கட்டினால் வெந்துவிடும். நடுவில் கரண்டை அளவோடு விடுகிற டீசி-டீசி சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றவும் கூடாது, ஜனவரியில் ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் புல்லில் உறைபனி படிகிற காலை உண்டு. விலை வேறு. ஹட்டன் அண்ணனுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன்.

"மொதல்ல இந்த ரெண்டையும் சாக விடுங்க தம்பி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.