பெருக்காத தரை

பதினெட்டு ஆண்டுகள் ஒரே பட்டறையில் கிடந்தால் நம் தவறுகள் நமக்குப் பழகிவிடும். கொஞ்ச நாளில் அவற்றுக்கு ‘என் பாணி’ என்று பெயரும் வைத்துவிடுவோம். தச்சனான என் விஷயத்தில் அது மரத்தைச் சீவி மட்டமாக்கும் இழைப்புளி. ரேகை முறுக்கிக்கொண்டு போகும் பலகையில் ஓட்டினால் ஆங்காங்கே நார் பெயர்ந்து குழி விழும். பழியை மரத்தின்மேல் போட்டுவிட்டு உப்புத்தாளை எடுப்பேன்.

மொத்தமாக மரம் வாங்குவதில் கூட்டுச் சேரலாமா என்று கேட்கத்தான் இன்னொரு தச்சரின் பட்டறைக்குப் போனேன். பேச்சைத் தொடங்குமுன் கண் தரைக்குப் போய்விட்டது. சீவல்கள் சுருளாமல் நாடாப்போல நீண்டு கிடந்தன. அவர் இழைத்துக்கொண்டிருந்ததோ, நான் பார்த்தவுடன் ஒதுக்கிவிடும் ரகப் பலகை. கேட்க வெட்கமாக இருந்தது, கேட்டுவிட்டேன்.

இழைப்புளியைக் கழற்றி, அலகின்மேல் படுத்திருக்கும் இரண்டாவது இரும்பைக் காட்டினார். அதன் முனை, வெட்டும் விளிம்பிலிருந்து இரண்டு தாள் கனமே, ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர், தள்ளியிருந்தது. என்னுடையது 2 மில்லிமீட்டர். சீவல் எழும்பியவுடனே அந்த இரும்பு அதை மடக்கி அழுத்திவிடுகிறது. நார் முன்னால் பிளந்துகொண்டு ஓட வழியில்லை. அலகு அதிராமல் அழுத்திப் பிடிக்கும் மூடி என்றே அதை இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

பதிலுக்கு நான் எதைக் கொடுப்பது? கைப்பேசியில் நல்ல வேலைகளின் படங்கள் இருந்தன. அவற்றை யார்தான் காட்டமாட்டார்கள்? நான் கெடுத்த மேசையின் கதையைச் சொன்னேன். மேற்பலகையைச் சட்டத்தோடு அசையவிடாமல் திருகாணியால் முடுக்கியிருந்தேன். மரம் நீளவாக்கில் பெரும்பாலும் அசையாது, அகலவாக்கில் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுருக்கம், நடுத்தண்டிலிருந்து வெளியே போகும் திசையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஈரம் குறைந்த பருவத்தில் பலகை நடுவில் பிளந்தது. இப்போதெல்லாம் திருகாணித் துளையை நீள்வட்டமாகவே போடுகிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், வெடித்த கதவுப்பலகை ஒன்றை எடுத்துவந்து முன்னால் வைத்தார். மரம் வாங்கும் பேச்சை அன்று எடுக்கவே இல்லை.

இப்போது நான்கைந்து பேர் அவ்வப்போது கூடுகிறோம். கண்காட்சிகளுக்கும் போவதுண்டு; ஆனால் அங்கே மூட்டில் செருகும் முனையான கழுந்து துளைக்குள் மறைந்து, மேலே மெருகும் ஏறியிருக்கும். எங்கள் கூட்டத்துக்குப் பாதியில் நின்ற வேலையைக் கொண்டுவரவேண்டும்.

போன மாதம் புதிதாக ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். வணக்கம் சொல்லுமுன் தரையைத்தான் பார்த்தார். நல்லவேளை, நான் பெருக்கியிருக்கவில்லை.