அஸ்பரகஸ் போட்டேன், சாத்தாவாரி வந்தது

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில் மண் என்று பேர்தான், பாதிக்கு மேல் கடல் மணல். அதில் அஸ்பரகஸ் (குருத்தைச் சமைத்துச் சாப்பிடும் செடி) விதை போட்டேன். முளைக்கவே ஒரு மாதம், அப்புறம் வந்த குருத்தும் தையல் நூல் தடிப்பில்தான் நின்றது. குளிர் நாட்டில் பனிக்காலம் முழுக்க அடங்கிக் கிடந்து, வசந்தத்தில் தடித்த குருத்து தள்ளுகிற செடி அது, விதையில் இருந்து வெட்டுக்கு வர 3 வருடமாவது வேணும். திருகோணமலையில் பனிக்காலத்துக்கு எங்கே போவது?

அம்மம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வேலியில சாத்தாவாரி நிக்குது, நீ இதோட மினக்கெடுறாய்" என்றா. அதுவும் அஸ்பரகஸ் இனம்தான், தமிழ்நாட்டில் தண்ணீர்விட்டான் என்பார்கள். தோண்டினால் விரல் தடிப்பில் வெள்ளைக் கிழங்குகள் கொத்தாக, நீரைச் சேமித்து வைத்துக்கொண்டு, கச்சான் காற்று வளவையே காயப்போடும் ஆடியிலும் கொடி பச்சையாக நிற்கும்.

பழுத்த சிவப்புக் காயின் கறுப்பு விதையை ஓர் இரவு ஊறவைத்து, மண்ணை மேடாக்கி நட்டேன். மேடு முக்கியம், மார்கழி மழைத் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். ஏற ஒரு கம்பு, கொஞ்சம் மாட்டெரு, அவ்வளவுதான்.

கஞ்சிக்குச் சாத்தாவாரியின் ஊசி இலையை (உண்மையில் அது இலையே இல்லை, இலை வேலை பார்க்கும் தண்டு) இடித்துப் பிழிந்து, அந்தச் சாற்றைக் குழைந்த சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோடு விட்டு ஒரு கொதியில் இறக்கவேணும். முள் குத்தும், பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பறியுங்கள்.