சாக்லேட் ஆறு

மாங்க்டன் ஊரின் ஆற்றங்கரைக்குப் போனதும் கண்ணில் பட்டது தண்ணீரைவிடச் சேறுதான். இரு கரையிலும் பளபளவென்று சரிந்து இறங்கும் சேறு, நடுவே கலங்கிய பழுப்பு நிறத்தில் ஒடுங்கிய ஓட்டம். கனடாவின் நியூ பிரன்சுவிக்கில் ஓடி ஃபண்டி விரிகுடாவில் கலக்கும் பெட்டிகோடியாக் ஆறு இது. சாக்லேட் ஆறு என்றும் சொல்கிறார்கள்.

ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றம், ஆற்றுக்குள் வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அரை மணி முன்பே போய் நின்றேன். தூரத்து வளைவில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. முழங்கால் உயரம்தான் இருக்கும், ஆனால் கரைக்குக் கரை ஒரே அலையாக இரைச்சலோடு வந்தது. அது கடந்ததும் ஆறு அப்படியே திரும்பி மேல்நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டது! உடம்பு சிலிர்த்தது. ஒரு மணி நேரத்தில் சேற்றுச் சரிவில் பாதியைக் காணோம்.

ஃபண்டியில் சில இடங்களில் கடல் 16 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. இந்த ஆற்றில் ஏற்றம் குறைந்த நேரத்தில் விரைந்து ஏறும். வற்றம் நிதானமாக, நெடுநேரம் இறங்கும். விரைந்து வரும் நீர் வண்டலை அள்ளிக்கொண்டு வருகிறது. ஏறி முடித்துத் தண்ணீர் சற்று நிற்கிறதே, அப்போதுதான் வண்டல் அடங்குகிறது. உப்புநீரில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதால் இன்னும் சீக்கிரம் அமிழும். அப்படிப் படிந்து இறுகிய களிமண்ணைப் பெயர்க்கச் சாதாரண ஓட்டம் போதாது. வற்றத்தோடு மேலிருந்து வரும் ஆற்று வெள்ளமும் சேர்ந்து தள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு 1968இல் கெட்டது. ஊருக்குப் பக்கத்திலேயே ஆற்றின் குறுக்கே மதகுகளோடு ஒரு கரைச்சாலை போட்டார்கள். ஓதம் அதற்கு மேல் ஏற வழியில்லை. ஏறாத தண்ணீர் எப்படி இறங்கி வந்து சேற்றை வாரிக்கொண்டு போகும்? வண்டல் வந்து கொட்டியது, திரும்பிப் போகவில்லை. ஆண்டுகள் போகப் போக, ஒரு கிலோமீட்டர் அளவுக்கு அகன்று கிடந்த ஆறு நூறு மீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிப் போனது. ஓத அலையும் சிற்றலையாகிவிட்டது. ஓர் ஆற்றைக் கொல்ல நஞ்சு கலக்க வேண்டியதில்லை என்பதை நினைக்க மனசு கனத்தது.

பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2010 ஏப்ரலில் மதகுகளைத் திறந்தார்கள். ஓதம் மேலே போய்த் திரும்பத் தொடங்கியதும் ஆறு தானாகவே கரையை அரித்து அகன்றது. 2013இல் அலைச்சறுக்கு வீரர்கள் இந்த ஓத அலையிலேயே 29 கிலோமீட்டர் போனார்கள். 2021இல் கரைச்சாலைக்குப் பதிலாகப் பாலமே வந்துவிட்டது.

ஓதம் உச்சிக்கு வந்தபோது, படகு இறக்கும் சரிவில் குனிந்து ஒரு பாட்டிலில் ஆற்றுநீரைப் பிடித்தேன். இரவு அதை அறை ஜன்னலில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் மேலே தெளிந்த நீர், அடியில் விரல் கனத்துக்குச் சேறு. பாட்டிலை மெல்லச் சாய்த்தேன். தண்ணீர்தான் சாய்ந்தது, சேறு அசையவில்லை.