ஒரு கோணி கீழாநெல்லியும் முப்பது ட்யூப் ரத்தமும்

எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட்டுக்கு, கீழாநெல்லிச் சாறு எலியின் கல்லீரலைக் காக்குமா என்று பார்க்கப் போகிறேன் என்றதும், "அது ஊரே அரைச்ச மாவுல்லா" என்று சீனியர் சிரித்தான். அந்த மாவை மறுபடி அரைக்க எனக்கு எட்டு மாதம் கூடுதலாகப் பிடித்தது.

முதல் அடி செடியிலேயே. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கீரை விற்கும் ஆச்சியிடம் சொல்லிவைத்து ஒரு கோணி வாங்கினேன். நிழலில் உலர்த்தி, பொடித்து, அப்புறம்தான் தாவரவியல் சான்றுக்குப் போனேன். "பொடியை வச்சு நான் என்னத்தப் பாக்க? வேரோட, காயோட செடி கொண்டு வாங்க" என்றார் பேராசிரியர். நல்லவேளை, பொடிக்காமல் நாலைந்து செடி கிடந்தது. லென்ஸில் பார்த்தவர் இரண்டை ஒதுக்கிவிட்டார். அவற்றின் காய் சொரசொரவென்று இருந்தது. அது சிவப்புக் கீழாநெல்லி, ஃபில்லாந்தஸ் யூரினேரியா. எனக்கு வேண்டிய ஃபில்லாந்தஸ் அமாரஸின் காய் வழவழவென்று இருக்கும். ஆச்சியைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கு இரண்டும் கீழாநெல்லிதான். பழைய ஆய்வுக் கட்டுரைகளோ அமாரஸையே இன்னொரு ஃபில்லாந்தஸின் பெயரால் 'நிருரி' என்று எழுதிவைத்துக் குழப்பும். பொடி முழுக்கக் குப்பைக்குப் போனது. அடுத்த மழைக்குச் சேரன்மகாதேவி வரப்புகளில் நானே குனிந்து, ஒவ்வொன்றாகத் திருப்பிக் காயைப் பார்த்துப் பறித்தேன். சான்று வாங்காமல் மிக்ஸியைத் தொடாதீர்கள்.

எலிச் சோதனைக்கு அனுமதி தரும் விலங்கு நெறிமுறைக் கமிட்டியில், "ஒவ்வொரு சோதனைக் குழுவுக்கும் ஏன் 6 எலி?" என்ற கேள்விக்கு 'வழக்கம்' என்று எழுதியிருந்தேன். படிவம் திரும்பி வந்தது. கணக்குப் போட்டுக் காட்ட வேண்டுமாம். மறுமுறை, மத்திய அரசு நியமித்த உறுப்பினர் வரவில்லை. அவர் இல்லாமல் கூட்டம் செல்லாது. இரண்டு மாதம் போச்சு.

சாக்ஸ்லெட் கருவியில் எத்தனால் சாறு எடுத்தது, நச்சுத்தன்மைச் சோதனை எல்லாம் சிக்கலில்லை. ஐந்து குழு: சும்மா விட்டது, கல்லீரலைக் கெடுக்கும் கார்பன் டெட்ராகுளோரைடு மட்டும், அதோடு கல்லீரல் காக்கும் மருந்தான சிலிமரின், அதோடு கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் சாறு.

கடைசி நாள்தான் கூத்து. ரத்தத்தைச் சுற்றி, சீரம் என்கிற தெளிந்த நீரைப் பிரிக்கும் எங்கள் சென்ட்ரிஃபியூஜ் ரிப்பேர். முப்பது ட்யூப் ரத்தத்தைத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டி மேலேயே அடுக்கி, வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு லேபுக்குப் பஸ் ஏறினேன். சித்திரை வெயில், ரோடு முழுக்கக் குழி. ரிசல்ட் பார்த்தால், எதுவுமே கொடுக்காத எலிகளுக்கே எஸ்ஜிஓடி 300க்கு மேல்! எஸ்ஜிபிடி மட்டும் நாற்பது சொச்சம். இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் என்சைம்கள். கல்லீரல் கெட்டிருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா ஏற வேண்டும்? தாளின் அடியில் பொடி எழுத்தில் 'ஹீமோலைஸ்டு', அதாவது சிவப்பணு உடைந்த ரத்தம் என்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். சிவப்பணுக்களுக்குள்ளும் எஸ்ஜிஓடி ஏராளம். அணு உடைந்தால் அது சீரத்தில் கொட்டிவிடும். குலுங்கினாலும் உடையும், ஐஸில் நேராகப் பட்டுப் பனிக்கட்டியாய் இறுகினாலும் உடையும். வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் ரோஸ் சர்பத் மாதிரி இருந்திருக்கிறது. நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஃபார்மலினில் போட்டுவைத்த ஈரல் துண்டுகள்தான் கைகொடுத்தன. டெட்ராகுளோரைடு குழுவில் மைய நாளத்தைச் சுற்றிச் செல்கள் செத்து, கொழுப்பு படிந்து கிடந்தன. 400 குழுவில் அது பாதிகூட இல்லை. அதைக் காட்டித்தான் இன்னொரு முப்பது எலிக்கு அனுமதி கேட்டேன். முப்பது உயிர் என் அவசரத்தால் வீணானது இன்னும் உறுத்துகிறது.

இரண்டாம் முறை பக்கத்துக் கல்லூரி சென்ட்ரிஃபியூஜை இரவல் வாங்கினேன். ரத்தத்தை அரை மணி நேரம் தானாகக் கட்டிப்பட விட்டு, சுற்றி, சீரத்தை மட்டும் பிரித்து எடுத்துப் போனேன். 400 குழு சிலிமரின் குழுவுக்குக் கிட்டத்தட்ட வந்தது, 200 குழுவில் பெரிதாகப் பலனில்லை.

விஷயம் ஊருக்குள் பரவி, சித்தப்பா போன் போட்டார்: "மஞ்சக்காமாலைக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டியாமே? ஒரு பாட்டில் கொண்டா." "எலிக்குத்தான் கேட்டிருக்கு சித்தப்பா" என்றேன். "எலிக்குக் கேட்டா எனக்குக் கேக்காதா?" என்கிறார். முதலில் ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லி, ட்யூப்பைக் குலுக்காமல் எடுத்துப் போகச் சொன்னேன்.